பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? கடலூர்த் தாய்க்கு ஒரு மனநல ஆலோசகரின் பதில்

கடலூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 47. நகரத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறார். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்த பிள்ளைக்கு 21 வயது. புதுச்சேரியில் விடுதியில் தங்கி முதுகலை படிக்கிறார். இளையவள் பிளஸ் டூ. மாமியாரும் கூடவே இருக்கிறார்.

தீபாவளிக்கு வந்த மூத்த பிள்ளை, எல்லோரும் படுத்த பிறகு அம்மாவிடம் மட்டும் பேசியிருக்கிறார். "நான் பொண்ணு இல்லம்மா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் இருந்துச்சு, சொல்லத் தெரியல. நான் திருநம்பி. என்னைக் கதிர்னு கூப்பிடு. அவ, இவன்னு பேசாதம்மா." மறுநாள் காலையிலேயே தங்கை 'அண்ணா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அப்பா அன்றிலிருந்து பேசவில்லை. "உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்று மனைவி வழியாகத்தான் எல்லாம். பாட்டி 'அது' என்கிறார். தாயின் தம்பியோ, சீக்கிரம் கல்யாணத்தை முடி, இல்லையென்றால் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினால் மாற்றிவிடுவார், அங்கே தமிழ்நாட்டுச் சட்டமெல்லாம் செல்லாது என்கிறார்.

தாயின் கேள்விகளை அவர் எழுதியபடியே தருகிறேன். "21 வருஷம் வாடி போடின்னு கூப்பிட்ட பிள்ளை. எனக்கு வாயே வரமாட்டேங்குது. அவர்னு பொதுவா சொல்லிட்டாப் போதுமா? நானே அவன்னு கூப்பிட ஆரம்பிச்சா, ஆபரேஷன் வரைக்கும் நானே தள்ளிவிட்ட மாதிரி ஆகாதா? ஹாஸ்டல் சிநேகிதம்தான் காரணமோன்னும் தோணுது. தை மாசம் எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம், அங்கே என்னன்னு சொல்றது?"

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கதிர் விட்டுவிட நினைக்கும் பழைய பெயர் கடிதத்தில் இருக்கிறது. அதை இங்கே எந்த வடிவத்திலும் தரவில்லை.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் முதல் பக்கம் முழுக்க 'என் மகள்' என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் நான்கைந்து இடங்களில் 'அவ' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பிள்ளை' என்று மாற்றியிருக்கிறீர்கள். யாரும் உங்களை அடிக்கச் சொல்லவில்லை. கதிர் கேட்ட காரியத்தை நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது.

இந்தப் பதிலில் நான் 'உங்கள் மகன்' என்றுதான் எழுதப்போகிறேன். படிக்கும்போது நெஞ்சில் உறுத்தும், தெரியும். தான் யார் என்பதைத் தன் வாயால் உங்களிடம் சொல்லிவிட்டார் ஒருவர். அதை விட்டுவிட்டு வேறு மாதிரி எழுத எனக்கு உரிமை இல்லை.

முதலில் ஹாஸ்டல் சிநேகிதம். ஆறு வயதில் பாவாடை போடமாட்டேன் என்று அடம்பிடித்ததையும், மஞ்சள் நீராட்டு அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும், பிளஸ் ஒன்னில் உங்கள் கடையில் மீந்த துணியில் சட்டை தைத்துத் தரச்சொல்லிக் கெஞ்சியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது ஹாஸ்டல் ஏது? இவற்றை மட்டும் வைத்து யாரையும் எதுவும் முடிவு செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாவாடை பிடிக்காத பெண் குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்கள் பெண்களாகவே வளர்ந்து சந்தோஷமாக இருக்கிறார்கள். இதில் சாட்சி கதிரின் சொல்தான். நண்பர்கள் அவரை மாற்றவில்லை. பயப்படாமல் வாய் திறக்க ஓர் இடம் அவர்களிடம் கிடைத்திருக்கிறது. அந்த இடம் நம் வீடாக இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் உங்களுக்கு இருந்தால், வீட்டில் முதல் ஆளாக உங்களிடம்தானே வந்து சொன்னார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் பேசுவதும் பின்னால் பேசுவதும்

வாயே வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் நினைப்பதைவிட இது எளிது, ஓர் இடத்தில் மட்டும் நினைப்பதைவிடக் கஷ்டம்.

எளிது ஏன் என்றால், நேருக்கு நேர் பேசும்போது தமிழில் ஆண், பெண் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 'நீ சாப்பிட்டியா', 'எப்ப வந்த', 'பஸ்ஸுல கூட்டமா' எல்லாமே யாருக்கும் பொருந்தும். மாற்ற வேண்டியது 'டி' ஒன்றும், 'அம்மாடி', 'பாப்பா' போன்ற ஓரிரண்டு விளிகளும்தான். 'டா' உங்கள் நாக்குக்குப் புதிது என்றும் நான் நம்பவில்லை. பெண் குழந்தையையே கொஞ்சும்போது 'வாடா செல்லம்', 'என்னடா கண்ணு' என்று சொல்லாத அம்மா நம் ஊரில் அபூர்வம். நீங்களும் நூறு தரம் சொல்லியிருப்பீர்கள். அதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கஷ்டம் எங்கே என்றால், அவரைப் பற்றிப் பிறரிடம் பேசும் இடத்தில். அங்கே தமிழ் தப்பிக்கவே விடாது. 'வந்தான்', 'வந்தாள்', 'படிக்கிறான்', 'படிக்கிறாள்' என்று ஒவ்வொரு வினையின் வாலிலும் ஆணா பெண்ணா என்பது ஒட்டிக்கொண்டே வரும். கதிர் புதுச்சேரியில் இருக்கும் நாட்களில் நீங்களும் இளையவளும் அடுப்படியில் பேசிக்கொள்ளும்போதுதான் உங்களுக்கு உண்மையான பயிற்சி. அங்கே 'அவ வர்றாளா' என்று பேசிவிட்டு, அவர் வாசலில் செருப்பை விடும்போது மட்டும் 'அவன்' என்று மாறினால் நிச்சயம் நாக்கு தடுக்கும். இளையவளிடமே சொல்லுங்கள், தவறினால் நினைவுபடுத்தச் சொல்லுங்கள். அவளுக்குப் பிடித்த வேலையாகத்தான் இருக்கும்.

தவறினால் என்ன செய்வது? 'அவள்... இல்ல, அவன் நாளைக்கு வர்றான்' என்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். அவ்வளவு போதும். அழுது மன்னிப்புக் கேட்கும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். கண்கலங்கி நிற்கும் அம்மாவைத் தேற்றும் வேலையும் பிள்ளையின் தலையில் விழுகிறது. அடுத்த முறை நீங்கள் தவறும்போது அவர் கவனிக்காதது போல இருந்துவிடுவார். வேண்டுமென்றே தவறுவது வேறு. ஐந்தாவது மாதமும், கோபம் வரும்போது மட்டும், பழைய பெயர் சொல்லி இரைந்தால் அதை நாக்குத் தவறியது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'அவர்' என்று சொல்லிவிட்டால்?

நான் கதிரை 'அவர்' என்று எழுதுகிறேன். வயது வந்த, எனக்குப் பழக்கமில்லாத யாரையும் நான் அப்படித்தான் எழுதுவேன். அவருடைய பேராசிரியர்களும், உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களும், பக்கத்து வீட்டாரும் 'அவங்க வந்திருக்காங்க' என்று சொன்னால் அது மரியாதையானது, யாரையும் புண்படுத்தாது. ஒருவருக்கு எது பிடிக்கும் என்று தெரியாத வரைக்கும் 'அவங்க'தான் நம் மொழியில் நல்ல வழி. ஆண், பெண் இரண்டுக்குள்ளும் தன்னை அடைக்க விரும்பாத சிலர் நிரந்தரமாகவே அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் நீங்கள் அம்மா. பெற்ற பிள்ளையை எந்தத் தாயும் 'அவர் சாப்பிட்டாரா' என்று கேட்பதில்லை. தங்கையை 'அவ' என்றும் அண்ணனை 'அவங்க' என்றும் ஒரே வீட்டில் சொன்னால், விருந்தாளியாக வைத்துவிட்டார்கள் என்று அவர் மனதில் படலாம். முதல் சில வாரங்கள் வாய் பழகும் வரைக்கும் பெயரையே அதிகம் சொல்லுங்கள். 'கதிர் வந்தாச்சு', 'கதிருக்குத் தோசை போடட்டுமா' என்று பேசினால் வால் பிரச்சினையே வராது. அதிலேயே நின்றுவிட வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் வாயில் 'அவன்' என்பதற்கு இருக்கும் உரிமை வேறு யார் வாயிலும் இல்லை. எதற்கும் அவரிடமே ஒரு தரம் கேட்டுவிடுங்கள்: "நான் அவர்னு சொன்னா உனக்கு எப்படிடா இருக்கு?"

பாட்டியின் 'அது'

இதில் அவசரப்பட்டு அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பாசத்தோடு 'அது இன்னும் சாப்பிடல, பாவம்' என்று சொல்வது உண்டு. மாமியார் மற்றப் பேரன், பேத்திகளையும் அப்படித்தான் சொல்கிறாரா என்று இரண்டு நாள் கவனியுங்கள். சொல்கிறார் என்றால் அது அவர் பேச்சு வழக்கம். மற்றவர்களுக்கு 'அவன்', 'அவ' என்று சொல்லிவிட்டு, கதிருக்கு மட்டும் தீபாவளிக்குப் பிறகு 'அது' வந்திருக்கிறது என்றால், அதன் அர்த்தம் வேறு. அதை விட்டுவைக்கக் கூடாது. "அத்தை, உங்களுக்குப் புரியலன்னா பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அதுன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு வலிக்குது" என்று நீங்களே சொல்லுங்கள். கதிரைச் சொல்லவிடாதீர்கள். தனக்கான மரியாதையைத் தானே கெஞ்சி வாங்குவது போன்ற களைப்பு வேறில்லை.

நம் இலக்கணமும் இதில் உங்கள் பக்கம்தான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைக்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவருக்கு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவருக்குப் பெண்பால். எதை விட்டார் என்று பார்க்கவில்லை, எதை விரும்பினார் என்று பார்த்திருக்கிறது. அஃறிணை போலவும் வரலாம் என்று அதே சூத்திரத்தின் கடைசியில் ஓர் இடம் விட்டிருப்பதையும் மறைக்க மாட்டேன். அந்த இடத்தை இன்றைக்கு நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தமிழ் படித்த உறவினர் யாராவது 'இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்' என்று சொன்னால் நன்னூலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கூப்பிடுவதும் ஆபரேஷனும் ஒன்றா?

இல்லை, அம்மா. உங்களை ராத்திரி தூங்கவிடாத கேள்வி இதுதான் என்று தெரிகிறது, அதனால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பெயர், உடை, ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை, சான்றிதழ் எல்லாம் தனித்தனி முடிவுகள். சில திருநம்பிகள் எல்லாவற்றையும் செய்துகொள்கிறார்கள், சிலர் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். சிகிச்சை என்று வந்தால் மனநல மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் எல்லோரும் பார்த்து, நன்மை தீமையை விளக்கி, அவருடைய சம்மதத்தோடு படிப்படியாகச் செய்வார்கள். வீட்டில் 'அவன்' என்று சொன்னதால் யாரும் அறுவை அரங்குக்குப் போவதில்லை.

இருக்கும் வழிகளிலேயே திரும்பி வரச் சுலபமானது கூப்பிடும் சொல்தான். நாளைக்குக் கதிர் வேறு மாதிரி சொன்னால், நீங்களும் மாற்றிக் கூப்பிடப்போகிறீர்கள். ஒன்றும் கெட்டுவிடாது. உங்கள் தம்பி சொல்லும் கல்யாணத்தை அப்படித் திருப்ப முடியுமா?

சொல்லுக்கு என்ன பலன் என்று கேட்டால், 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். 15 முதல் 21 வயது வரையுள்ள 129 பேரிடம் செய்தது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்று எத்தனை அதிக இடங்களில் அவர்கள் தேர்ந்த பெயர் புழங்கியதோ, அந்த அளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வுதான், நம் ஊரில் எடுத்ததும் இல்லை. ஆனாலும் என் அறையில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

சட்டத்தில் ஆபரேஷன் ஆனால்தான் ஏற்பார்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், ஒருவர் தானே உணரும் பாலினத்தை மதிக்க வேண்டும், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியர் வழங்குவது 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த முறை. சான்றிதழ் விதிகள் மாறக்கூடியவை. எனவே கதிர் விண்ணப்பிக்க நினைக்கும்போது, அன்றைய விதி என்ன என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கேட்டுக்கொள்ளலாம். தொலைபேசி எண் 15100. ஒரு தாய் தன் மகனை மகன் என்று கூப்பிடுவதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

தம்பி சொல்லும் டாக்டர்

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. மாற்றிவிடுகிறேன் என்று சொல்லும் யாரிடமும் கதிரைக் கூட்டிப்போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. 2022 முதல் அந்தப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. நோயே இல்லாததற்கு மாத்திரையும் மிரட்டலும் கொடுத்தால் மிஞ்சுவது பயமும் அவமானமும்தான்.

பாண்டிச்சேரிக்குச் சட்டம் செல்லாது என்பதும் தவறு. 2021 ஜூன் 7ல் இப்படி மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையமும் இதை மருத்துவர்களுக்கான தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அது நாடு முழுமைக்கும் பொருந்தும். அந்த உயர் நீதிமன்ற வழக்கில் இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். படித்த நீதிபதிக்கே நேரம் தேவைப்பட்டது. உங்களுக்கும் தேவைப்படும்.

கல்யாணப் பேச்சையும் இதோடு நிறுத்திவிடுங்கள். 21 வயதானவரை விருப்பமில்லாமல் கட்டிவைத்தால் கஷ்டப்படுவது இரண்டு பேர். வீட்டைவிட்டுப் போகச் சொல்வது, போகும்படி நெருக்குவது எல்லாம் 2019 சட்டப்படி குற்றம். கோபத்தில் கணவர் அப்படி ஏதாவது சொல்லும் முன், இதை அவர் காதில் போட்டு வையுங்கள்.

தை மாதக் கல்யாணம்

'எல்லோரிடமும் சொல்லிவிடலாமா, மறைத்துவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். யாரிடம், எப்போது என்பது கதிர் எடுக்க வேண்டிய முடிவு. நல்லெண்ணத்தோடு உங்கள் அண்ணனிடம் நீங்கள் சொன்னாலும் அது சாயங்காலத்துக்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிடும். அங்கே யார் என்ன பேசுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. முன்கூட்டியே கேளுங்கள்: கல்யாணத்துக்கு வர விருப்பமா? வந்தால் என்ன உடுத்த வேண்டும்? புதியவர்களிடம் என்ன பெயர் சொல்லட்டும்? பழைய பெயரில் கூப்பிடும் பெரியவர்களைத் திருத்தட்டுமா, விட்டுவிடட்டுமா?

சில பிள்ளைகள் 'இந்த ஒரு நாள் சமாளிச்சுக்கறேன்' என்பார்கள். அப்படிச் சொன்னால், 'அப்போ சரியாயிடுச்சு' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது. வரவில்லை என்றால் 'பரீட்சை இருக்கு' என்று சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி வந்துவிடலாம். வருகிறேன் என்றால் சட்டையைத் தைக்க வேண்டியது நீங்கள்தான். தோள் அளவும் நெஞ்சளவும் எடுக்கும்போது அவருக்குக் கூச்சமாக இருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். அல்லது அவருக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய சட்டையை அளவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத ஒன்று

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன வாரம் போனில் 'நான் இல்லாமப் போனா உங்களுக்கு நிம்மதிதானே' என்று கதிர் சொன்னதாக. எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் முக்கியம். கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; மனதில் இருந்தால் வெளியே வரும். 'ஆமாம்' என்றால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள், ஒரு மணி நேரப் பயணம்தான். தனியாக விடாமல் கூட இருங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பார்ப்பது வேறு, பாலினத்தை மாற்ற முயல்வது வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னது கதிருக்குத் தேவைப்படலாம்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. பேசாமல் இருப்பவர் வெறுக்கிறார் என்று நான் முடிவு கட்ட மாட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, கதிரின் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்கலாம். 'அவன்' என்று சொல்லச் சொல்லி அவரிடம் இப்போதே மல்லுக்கு நிற்காதீர்கள். உங்கள் வழியாகச் சொல்லி அனுப்புவதை மட்டும் ஏற்காதீர்கள். "நீங்களே போன் பண்ணிக் கேளுங்க, கதிர் எடுப்பான்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து வர முடிந்தால், ஒரு சனிக்கிழமை என் அறைக்கே வாருங்கள். கதிரும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.